தேய்ந்த தட்டும் பட்டறையும்: மாத்தளை மாவட்டத்தில் உழவுக் கருவித் திருத்தத்தின் வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் வேளாண்மை வரலாற்றை எழுதியவர்கள் குளங்களையும் கால்வாய்களையும், கோப்பியையும் தேயிலையையும் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து சேர்ந்த உழவு இயந்திரமும் அந்த வரலாற்றில் தனக்குரிய பக்கங்களைப் பெற்றுவிட்டது. அந்த இயந்திரத்தின் பின்னால் மண்ணுக்குள் இறங்கி உழைத்துத் தேய்ந்த இரும்பைப் பற்றியும், தேய்ந்ததை அடுத்த போகத்துக்கு மீண்டும் உழத்தக்கதாக்கிய பட்டறைகளைப் பற்றியும் எழுதப்பட்டது மிகக் குறைவு. ஒரு கருவி எந்த ஆண்டில் இறக்குமதியானது என்பதைக் கொண்டு இயந்திர உழவின் வரலாற்றைக் கணிப்பதைவிட, அது எத்தனை காலம், யாருடைய கையால், எந்தப் பொருளைக் கொண்டு உழைக்க வைக்கப்பட்டது என்பதைக் கொண்டு கணிப்பதே இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை உண்மைக்கு நெருக்கமானது. இதற்குத் தக்க சான்றாக நிற்பது உழவு இயந்திரத்தால் இழுக்கப்படும் தட்டுப் பலுகு.

பலுகு என்பது உழுத நிலத்தின் கட்டிகளை உடைத்து, களையை அறுத்து, மண்ணைச் சமப்படுத்தும் இரண்டாம் நிலை உழவுக் கருவி. பழைய பலுகில் மரச்சட்டத்தில் முளைகள் பதிக்கப்பட்டிருந்தன. தட்டுப் பலுகில் முளைகளின் இடத்தில் குழிந்த எஃகுத் தட்டுகள் ஒரே அச்சில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. தட்டின் விட்டம் பொதுவாக 18 முதல் 24 அங்குலம் வரை இருக்கும். அதன் நடுவிலுள்ள சதுரத் துளையில் சதுர அச்சு நுழைவதால் வரிசை முழுவதும் ஒன்றாகவே சுழலும். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே இடைவெளி காப்பது வார்ப்பிரும்பாலான இடைக்குழல். இதைத் தொழிலாளர் ஸ்பூல் என்பர். அச்சைத் தாங்குவது பெயாரிங், குழிவில் ஒட்டும் மண்ணை வழித்துவிடுவது சுரண்டி, வரிசை முழுவதையும் இறுக்கிப் பிடிப்பது அச்சின் முனையிலுள்ள பெரிய நட். வரிசைகள் இழுக்கப்படும் திசைக்கு நேர்குறுக்காக நில்லாமல் ஏறக்குறைய 15 முதல் 25 பாகை வரை சாய்த்து வைக்கப்படுவதால், ஒவ்வொரு தட்டும் உருண்டுகொண்டே மண்ணை வெட்டிப் புரட்டுகிறது. முன்வரிசை ஒரு பக்கம் தள்ளிய மண்ணைப் பின்வரிசை மறுபக்கம் தள்ளி நிலத்தைச் சமன் செய்கிறது. வேலையைச் செய்விக்கும் அதே சாய்வுதான் தேய்வையும் உண்டாக்குகிறது, ஏனெனில் தட்டின் விளிம்பு உருள்வதோடு நிற்காமல் மண்ணில் சறுக்கிக்கொண்டும் செல்கிறது.

அந்தத் தேய்வின் வேகத்தைத் தீர்மானிப்பது மண். 1,993 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாத்தளை மாவட்டம் நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரமான சரிவுகளையும், வடக்கே தம்புள்ளை, கலேவெல, சிகிரியா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய உலர் சமவெளியையும் ஒருசேரக் கொண்டது. தேயிலையும் மிளகும் வளரும் சரிவுகளில் தட்டுப் பலுகுக்கு இடமில்லை. அதன் களம் வடக்கிலுள்ள சமவெளி. அங்கு மேட்டு நிலங்களில் பரந்திருக்கும் செங்கபில மண் உலர்ந்தால் கல்லாக இறுகுவது, நன்கு நனைந்தால் கருவியில் ஒட்டுவது. இரண்டுக்கும் இடைப்பட்ட, உழத்தக்க ஈரம் நிலைக்கும் நாட்கள் சிலவே. இதன் தாய்ப்பாறை மிகப் பழைய உருமாறிய பாறை. அது சிதைந்து மண்ணாகும்போது மற்றக் கனிமங்கள் பலவும் களியாக மாறிவிட, குவார்ட்ஸ் என்னும் படிகக் கல் மட்டும் கூரிய மணலாகவும் பரலாகவும் எஞ்சி நிற்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7ஆம் படியில் இருக்கிறது. தட்டுக்குப் பயன்படும் எஃகு, எவ்வளவு பதமாக்கப்பட்டாலும், அதற்குக் கீழ்ப்படியிலேயே நிற்கும். ஆகவே இந்த நிலத்தில் உழவு என்பது, மென்மையான பொருள் ஒன்றைக் கடினமான பொருளுக்குள் நாள் முழுவதும் இழுத்துச் செல்லும் வேலையாகும். களிமண் வயலில் பல போகங்கள் தாங்கும் தட்டு பரல் மண்ணில் அவ்வளவு காலம் தாங்காமல் போவதற்கு உற்பத்தியாளரின் குறை எப்போதும் காரணமாவதில்லை.

இதே சமவெளி இரும்பை உண்டாக்கிய நிலமும் ஆகும். சிகிரியாவுக்கு அண்மையில், கிரி ஓயா வடிநிலத்தில், தெஹிகஹ-அல-கந்த என்னும் இடத்தில் நடந்த அகழாய்வுகள் உலைகளும் கசடு மேடுகளும் நிறைந்த பெரிய இரும்புருக்குத் தலம் ஒன்றை வெளிக்கொணர்ந்தன. அதன் தொடக்கம் கிறிஸ்து ஆண்டுக்கு முந்திய நூற்றாண்டுகளுக்குச் செல்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம் சிகிரியா, தம்புள்ளைப் பகுதிகளின் பழைய குடியிருப்புகளை ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட தொகுப்புக்குப் பிறகு, குளமும் வயலும் மட்டுமே கொண்டதாகக் கருதப்பட்ட இந்நிலப்பரப்பை உலையும் கொண்டதாகக் காணும் பார்வை உறுதிப்பட்டது. காடு அழித்துக் குளம் வெட்டிய சமூகத்துக்குக் கோடரியும் மண்வெட்டியும் கொழுவும் தேவைப்பட்டன. தேவைப்பட்டதை அது தன் நிலத்திலேயே உருக்கி அடித்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் இதே மண்ணில் தேய்ந்த எஃகு கடல் கடந்து வந்தது என்பதே இரு காலங்களுக்கும் இடையிலுள்ள அடிப்படை வேறுபாடு. திருத்தத் தொழிலின் நெருக்கடிகள் அனைத்தும் அந்த வேறுபாட்டிலிருந்தே பிறந்தன.

கண்டி இராச்சியக் காலத்தில் மாத்தளை ஒரு திசாவனியாக, அதாவது அரசன் நியமித்த திசாவையின் ஆட்சிக்குட்பட்ட மாகாணமாக இருந்தது. கைவினைஞர்களின் சேவையை ஒழுங்குபடுத்திய கொட்டல்பத்த என்னும் அரச பிரிவின்கீழ்க் கொல்லர்கள் அடங்கினர். நிலத்தை அனுபவிக்கும் உரிமைக்கு ஈடாக அவர்கள் அரசனுக்கும் விகாரைகளுக்கும் வேலை செய்தனர் என்பதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் விரித்துரைக்கிறது. ஊர்க் கொல்லனின் பட்டறை எவ்வாறு இயங்கியது என்பதற்கு, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் அரிய விவரணை ஒன்று உண்டு. வேலை கொண்டு வருபவர் இரும்பையும் கரியையும் தாமே கொண்டு வர வேண்டும். துருத்தியை அவரே ஊத வேண்டும். பெரிய சம்மட்டியால் அடிப்பதும் அவர் வேலையே. கொல்லன் அமர்ந்தபடி இரும்பைப் பிடித்துச் சிறு சுத்தியலால் உருவம் கொடுப்பான். கல்லில் தீட்டும் வேலையையும் வந்தவரே முடிந்தவரை செய்ய, இறுதியாக அரம் போட்டுச் சீராக்குவது மட்டும் கொல்லனுடையது. ஊரார் தம் ஊர்க் கொல்லனிடமே செல்லக் கடமைப்பட்டிருந்தனர். அறுவடைக் காலத்தில் அவனுக்குத் தானியம் அளந்தனர். நொக்ஸ் இதைக் கொல்லனின் பெருமிதத்துக்குச் சான்றாகவே கண்டார். எனினும் அந்த விவரணையில் அதைவிட முக்கியமான செய்தி ஒன்று பொதிந்திருக்கிறது: கருவியைப் பயன்படுத்துபவன் அதன் திருத்தத்தில் பாதி வேலையாளாக இருந்தான். எங்கே தேய்ந்தது, எவ்வளவு அடித்தால் நீளும், எப்போது பதம் போகும் என்பவை உழுபவனுக்கும் தெரிந்திருந்தன. உழவு இயந்திரக் காலத்திலும் இவ்வழக்கம் முற்றாக அறுந்துவிடவில்லை. பலுகின் வரிசையைக் கழற்றி, தேய்ந்த தட்டுகளைத் தெரிந்து எடுத்துப் பட்டறைக்குக் கொண்டு செல்லும் விவசாயி அந்தப் பழைய பங்கீட்டின் தொடர்ச்சியாகவே நிற்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கைவினைக்கு அருகே வேறொரு திருத்த மரபு வந்து குடியேறியது. கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளராகத் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் அந்த வழியில் மாண்டவர்கள் ஏராளம். அவர்கள் சென்று சேர்ந்த தோட்டங்களில் பழத்திலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரங்கள் இருந்தன. அவற்றைச் செய்யவும் திருத்தவும் கண்டியில் பொறியியல் நிறுவனங்கள் எழுந்தன. அவற்றுள் பெயர் பெற்ற வோக்கர் நிறுவனம் 1854இல் தொடங்கியது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. தேயிலைத் தொழிற்சாலையோடு உருளை இயந்திரங்களும், நீராவி எஞ்சின்களும், அவற்றின் சுழல்தண்டுகளும் வந்தன. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் திறக்கப்பட்ட இரயில் பாதை இரும்புச் சரக்கை மாட்டு வண்டியின் தயவிலிருந்து விடுவித்தது. தோட்டத் தொழிற்சாலைகளில் பிட்டர் என அழைக்கப்பட்ட பொருத்துநர்கள் அச்சுத் தண்டைக் கடைந்து சீராக்கவும், தேய்ந்த தாங்கியில் ஈயக் கலவையை உருக்கி வார்க்கவும், வார் ஓட்டத்தை நேர் செய்யவும் கற்றனர். கொல்லனுக்குத் தெரிந்தது நெருப்பும் அடியும். பிட்டருக்குத் தெரிந்தது அளவும் பொருத்தமும். தட்டுப் பலுகைத் திருத்த இவ்விரு அறிவும் ஒரே கூரையின்கீழ் வர வேண்டியிருந்தது. மாத்தளை மாவட்டம் தெற்கே தோட்டங்களையும் வடக்கே நெல் வயல்களையும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனைகளையும் கொண்டிருந்ததால் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பான இடமாக அமைந்தது.

உழவு இயந்திரம் உலர் வலயத்துக்குள் பரவியது போருக்குப் பிந்திய ஆண்டுகளில். அதன் வடிவத்தைத் தீர்மானித்தவர் அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த ஹரி பெர்குசன். கருவியை இயந்திரத்தின் பின்புறத்தில் மூன்று புள்ளிகளில் பிணைத்து, நீரழுத்த விசையால் தூக்கவும் இறக்கவும் அவர் வகுத்த முறை இன்று உலகெங்கும் பொதுமுறையாகிவிட்டது. அவருடைய டி.இ. 20 வகை இயந்திரம் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. 1953இல் கனடாவின் மசி-ஹரிஸ் நிறுவனத்தோடு இணைந்த பின் வந்த மசி பெர்குசன் 35உம், 1964இல் வந்த 135உம் இலங்கை விவசாயிகளிடம் நிலைத்த பெயர் பெற்றன. இரண்டு சக்கர இயந்திரங்களில் இங்கிலாந்தின் லான்ட்மாஸ்டர் முந்திக்கொண்டது. ஜப்பானியக் குபோட்டாவும் யன்மாரும் பின்னர் வந்தன. தட்டுப் பலுகுக்கு நான்கு சக்கர இயந்திரமே ஏற்றது, ஏனெனில் தட்டை மண்ணுக்குள் இறக்குவது பெரும்பாலும் கருவியின் எடை. அந்த எடையை இழுக்க வலிமை வேண்டும். சேனை நிலத்தை நிலையான மேட்டுப் பயிர் நிலமாக மாற்றுமிடங்களில் தட்டுக்குத் தனிச் சிறப்பு இருந்தது: எரித்த காட்டின் அடிக்கட்டையும் வேரும் எஞ்சிய நிலத்தில் கொழு சிக்கி நிற்கும், தட்டோ ஏறி உருண்டு கடந்துவிடும். கடந்துவிடும்போது விளிம்பு சிதையும் என்பது அதற்குக் கொடுத்த விலை.

நான்கு சக்கர இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருக்கச் சிறு விவசாயியால் இயலவில்லை. வசதியுள்ளவர்கள் வாங்கி, ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலிக்கு உழுதனர். இந்த ஏற்பாடு தேய்வை மேலும் விரைவுபடுத்தியது. ஏக்கர்க் கணக்கில் கூலி பெறுபவருக்கு வேகமே வருமானம். பெரும்போகத்துக்குரிய முதல் மழை விழுந்ததும் எல்லா நிலங்களும் ஒரே நேரத்தில் உழவு கேட்கும். கருவியைத் தூக்கிச் செல்ல வேண்டிய பரல் பாதையிலும் சில வேளை தட்டுகளின் மேலேயே உருட்டிச் செல்வதுண்டு. மழைக்கு முன் புரட்டாசி வாக்கில் திருத்தப்படாத பலுகு மழைக்குப் பின் திருத்தப்படுவதற்கு நேரமே கிடைக்காது. பட்டறைகளின் வேலைக் காலம் இவ்வாறு வானத்தைப் பார்த்தே அமைந்தது.

தட்டின் தேய்வு எவ்வாறு உழவைக் கெடுக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும், ஏனெனில் திருத்துபவரின் நுட்பம் அங்கேதான் வெளிப்படுகிறது. ஒரு தட்டு தன் விட்டத்தின் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆழம் வரையே நன்கு வேலை செய்யும். அதற்கு மேல் சென்றால் இடைக்குழல்களே மண்ணில் இழுபடும். 24 அங்குலத் தட்டு 20 அங்குலமாகக் குறையும்போது ஓர் அங்குல ஆழம் போய்விடுகிறது. விளிம்பும் மழுங்கியிருப்பதால் தட்டு மண்ணை வெட்டாமல் அழுத்திவிட்டு மேலே ஏறுகிறது. இதைச் சரிசெய்யச் சட்டத்தின்மேல் கல்லையோ மரக்கட்டையையோ ஏற்றுவதும், சாய்வைக் கூட்டுவதும் வயலில் காணப்படும் உடனடி வழிகள். இரண்டும் பெயாரிங்கின் சுமையைக் கூட்டித் தேய்வை அங்கே மாற்றுகின்றன. முறையான வழி தட்டைக் கழற்றி, அதன் குவிந்த வெளிப்பக்கத்தில் சாய்வாகத் தீட்டி மீண்டும் கூராக்குவது. சாணைச் சக்கரத்தில் அவசரமாக அழுத்தித் தீட்டினால் விளிம்பு நீலம் பாயும். அந்த நிறம், ஆலையில் எஃகுக்கு ஊட்டப்பட்ட பதம் அந்த இடத்தில் தளர்ந்துவிட்டதைக் காட்டுகிறது. நீலம் பாய்ந்த விளிம்பு பார்வைக்குக் கூராக இருந்தாலும் சில நாட்களில் மீண்டும் மழுங்கும். பழைய கொல்லன் கத்தியைத் தீட்டும்போது நீர் தெளித்ததற்கும், நல்ல பட்டறைக்காரர் சக்கரத்தை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருப்பதற்கும் காரணம் இதுவே.

ஒரு வரிசையிலுள்ள தட்டுகள் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுழல்வதால், தேய்ந்த தட்டுகளுக்கு நடுவே புதிய தட்டு ஒன்றைப் பொருத்துவது திருத்தமாகாது. பெரிய தட்டு ஆழமாக இறங்கிச் சுமை முழுவதையும் ஏற்று விரைவில் தேயும் அல்லது வளையும், சிறியவை மண்ணைத் தொட்டும் தொடாமலும் சறுக்கும். வரிசை முழுவதற்கும் புதிய தட்டு வாங்கப் பணமில்லாதபோது, எல்லாத் தட்டுகளையும் கழற்றி, விட்டம் அளந்து, ஒத்த அளவினவற்றை ஒரே வரிசையில் சேர்ப்பதே அறிவுள்ள வழி; பெரியவை முன்வரிசைக்கும், சிறியவை ஏற்கெனவே கிளறப்பட்ட மண்ணில் செல்லும் பின்வரிசைக்கும் போகும். புதிதாக ஒரு பைசாச் செலவில்லாமல் கருவியின் வேலையைக் கூட்டும் இம்முறை, அளவுகோலைத் தவிர வேறு உபகரணம் கேட்பதில்லை. அது உழவுத் தொழில்நுட்பத்தின் உயர்ந்த சாதனைகளோடு வைத்து மதிக்கத்தக்கது.

தட்டைவிடத் தொல்லை தருவது அச்சு. முனை நட் சற்றே தளர்ந்தாலும், தட்டு இடைக்குழல்களுக்கு நடுவே அசையத் தொடங்குகிறது. அசைவு சதுரத் துளையை விரிக்கிறது, இடைக்குழலின் முகத்தைத் தின்கிறது, இறுதியில் தட்டில் துளையிலிருந்து விளிம்பை நோக்கி வெடிப்பு ஓடுகிறது. புதிய பலுகை முதல் சில மணி நேரம் ஓட்டிய பின் நட்டை மீண்டும் இறுக்க வேண்டும் என்ற எளிய விதி மீறப்பட்டதே பல அச்சுகள் முறிந்ததற்குக் காரணம். தேய்ந்த இடைக்குழலின் முகத்தை லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில் மட்டமாகக் கடைந்து, குறைந்த நீளத்தை ஈடுசெய்யத் தடித்த வாஷர் சேர்ப்பது வழக்கமான திருத்தம். வார்ப்பிரும்பை மின்வில்லின் வெப்பத்தால் பற்றவைத்தால் அது பெரும்பாலும் வெடிக்கும் என்பதால், உடைந்த இடைக்குழலைப் பித்தளைக் கம்பி உருக்கி ஒட்டினர். அச்சின் புரி தேய்ந்தால், அந்த முனையை வெட்டி நீக்கி, வேறு உருக்குத் தண்டில் புரி வெட்டிப் பற்றவைத்தனர்.

பெயாரிங்கின் வரலாறு தனி ஆர்வத்துக்குரியது. பழைய பலுகுகளில் குண்டுகள் கொண்ட பெயாரிங் கிடையாது; குளிர்வார்ப்பால் முகம் கடினமாக்கப்பட்ட இரண்டு அரைவட்ட இரும்புகளோ, எண்ணெயில் ஊறவைத்த கடின மரத் துண்டுகளோ அச்சைத் தாங்கின. அமெரிக்கத் தொழிற்சாலைகள் இதற்கு மேப்பிள் மரத்தைப் பயன்படுத்தின. மரம் தேயும், தேய்ந்தால் வேறு துண்டு செதுக்கலாம். செதுக்கத் தச்சன் போதும். பின்னர் வந்த அடைப்புள்ள குண்டுப் பெயாரிங் நீண்ட நாள் தாங்கியது, ஆனால் அதன் இறப்பர் அடைப்பு கிழிந்து மணல் புகுந்தால் ஊரில் எவராலும் அதைத் திருத்த முடியாது, புதிதாக வாங்கவே வேண்டும். தொழில்நுட்பம் உயர்ந்தபோது திருத்தும் ஆற்றல் ஊரை விட்டு இறக்குமதிக் கடைக்கு நகர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

பற்றவைப்பு பரவியபோது, தேய்ந்த தட்டின் ஓரத்தில் புதிய இரும்பை இட்டு விட்டத்தை மீட்கும் எண்ணமும் பரவியது. தட்டின் எஃகில் கரிமம் மிகுதி. அவ்வகை எஃகைக் குளிர்ந்த நிலையிலேயே பற்றவைத்தால், பற்றின் ஓரத்து உலோகம் திடீரெனச் சூடேறித் திடீரெனக் குளிர்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. முதல் கல்லில் மோதியதும் பற்று முழுவதுமாகப் பெயர்ந்து விழும். முன்கூட்டியே தட்டைச் சூடாக்கி, ஈரமில்லாத குறைநீர்வளிக் கம்பியால் சிறு சிறு பகுதியாகப் பற்றவைத்து, பின் சாம்பலிலோ உலர் மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுவதே முறை. சாம்பலில் ஆறவிடுவது கொல்லனின் உலைக்களம் நெடுங்காலமாக அறிந்த வழி. குரோமியம் மிகுந்த கடினக் கம்பியை விளிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பூசினால், மறுபக்கத்து மென்மையான எஃகு முந்தித் தேய, கடினப் பூச்சு கூரான ஓரமாகத் தானே எஞ்சும். ஆயினும் கம்பியின் விலையும் மின்சாரத்தின் விலையும் புதிய தட்டின் விலையை நெருங்கினால் அதைச் செய்வதில் பொருளில்லை. திருத்தமா புதிதா என்ற கேள்விக்கு விடை எப்போதும் இறக்குமதிச் சந்தையின் கையிலேயே இருந்தது.

அந்தச் சந்தை 1960களின் தொடக்கத்திலிருந்து ஒடுங்கத் தொடங்கியது. தேயிலை விலை வீழ்ந்து அந்நியச் செலாவணி கரைந்தபோது அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1968இல் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்து, அத்தியாவசியமல்லாதவை எனக் கருதப்பட்ட பொருட்களுக்கு உயர்ந்த நாணய மாற்று விகிதம் விதிக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆண்டுகளில், 1973இன் எண்ணெய் விலையேற்றமும் சேர்ந்துகொள்ள, கட்டுப்பாடு மிகக் கடுமையானது. இயந்திரம் இருந்தது, அதை ஓட்டத் தெரிந்தவர் இருந்தார், நிலம் காத்திருந்தது. பெயாரிங்கும் தட்டும் வரவில்லை. பொருளியல் நூல்கள் இக்காலத்தைத் தட்டுப்பாட்டுக் காலம் என்று மட்டும் பதிவு செய்கின்றன. திருத்தத் தொழிலைப் பொறுத்தவரை இதுவே அதன் கைத்திறன் உச்சம் தொட்ட காலம். நின்றுபோன இரண்டு இயந்திரங்களின் பாகங்களால் மூன்றாவதை ஓட வைப்பதும், லொறியின் வில்தகட்டிலிருந்து கொழு அடிப்பதும், கழிந்த தண்டைக் கடைந்து அச்சாக்குவதும் இலங்கை முழுவதும் இயல்பாயின. இன்று அந்தத் திறன்களைத் தட்டுப்பாட்டின் தற்செயலான விளைவு என்று ஒதுக்குவது நேர்மையாகாது; உணவு உற்பத்தி நின்றுவிடாமல் காத்தவற்றுள் அவையும் அடங்கும்.

அதே ஆண்டுகளில் மாவட்டத்தின் மனிதர்களும் இடம்பெயர்ந்தனர். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1977இன் இனவன்முறையின்போதும் மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சி மாவட்டங்களுக்குச் சென்று குடியேறினர். 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. கடை எரிந்தால் மீண்டும் கட்டலாம். கடனுக்குத் தட்டு கொடுத்த வணிகருக்கும், அறுவடைக்குப் பின் கொடுக்கலாம் என்று ஏற்ற பட்டறைக்காரருக்கும், வயல்காரருக்கும் இடையே பல ஆண்டுகளாக வளர்ந்த நம்பிக்கையை அவ்வாறு கட்டிவிட முடியாது. கைத்தொழிலின் வரலாறு எழுதுவோர் இந்த இழப்பைக் கணக்கிலெடுக்க வேண்டும், ஏனெனில் திருத்தத் தொழில் எங்கும் தவணையின் மேலேயே நிற்கிறது.

1977இன் இறுதியில் இறக்குமதி திறக்கப்பட்டது. ஏறக்குறைய அதே வேளையில் மாத்தளையின் நீர்வளமும் மாறியது. 1976இல் பொல்கொல்ல அணையிலிருந்து மகாவலி நீர் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்கும் அங்கிருந்து அம்பன் கங்கை வழிக்கும் திருப்பப்பட்டது. போவத்தென்னவிலிருந்து மற்றொரு சுரங்கம் அதன் ஒரு பகுதியைத் தம்புள்ளை ஊடாகக் கலாவெவ பக்கம் அனுப்பியது. 1980களில் தம்புள்ளை, கலேவெல பகுதிகளில் பெரிய வெங்காயம் பரவியது. நெல்லுக்குச் சேற்றுழவு போதும். வெங்காயப் பாத்திக்குக் கட்டியில்லாத நுண்மண் வேண்டும். கட்டி உடைக்கும் கருவிகளின் தேவை இதனால் கூடியது. 1999இல் தம்புள்ளையில் திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையம் மரக்கறியைப் பணமாக்கும் வழியை உறுதி செய்ததோடு, பணமுள்ள விவசாயி புதிய பாகம் வாங்கும் பழக்கத்தையும் வளர்த்தது. பாகங்களின் பிறப்பிடமும் மாறியிருந்தது. மசி பெர்குசனோடு இணைந்து 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் இயந்திரங்கள் இலங்கைச் சந்தையில் பரவின. தட்டுகளும் பெயாரிங்குகளும் கொவென்ட்ரியின் திசையிலிருந்து அல்லாமல் இந்தியாவிலிருந்து வரலாயின. விலை குறைந்தது, வேறுபட்ட தரங்களில் தட்டுகள் வந்தன. போரான் கலந்து முறையாகப் பதமூட்டிய தட்டையும், வெறும் மென் எஃகில் அச்சடித்த தட்டையும் நிறத்தால் பிரித்தறிய முடியாது. சுத்தியலால் தட்டி ஒலி கேட்டும், விளிம்பில் அரம் இழுத்து அது பற்றுகிறதா வழுக்குகிறதா என்று பார்த்தும் அறிவதே பட்டறைக்காரரின் சோதனை. அரம் எளிதில் பற்றினால் தட்டு பரல் மண்ணுக்குத் தாங்காது.

உழவுக்கு உதவாத அளவு சிறுத்த தட்டு கழிவாகிவிடுவதில்லை. அதிலுள்ள கரிமம் மிகுந்த எஃகு கத்திக்கும் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் தக்கது. உலையில் சிவக்கக் காய்ச்சி, வெட்டி, அடித்து, மீண்டும் எண்ணெயிலோ நீரிலோ தோய்த்துப் பதமூட்ட வேண்டும். மின்பற்றவைப்புப் பட்டறையால் செய்ய முடியாத இவ்வேலையைத் துருத்தியும் உலையும் உள்ள கொல்லனே செய்ய முடியும் என்பதால், பழைய தொழில் புதிய தொழிலின் கடைசிக் கட்டத்தில் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

அண்மைக் காலத்தில் தட்டுப் பலுகின் வேலையில் ஒரு பகுதியை ரொட்டவேட்டர் எனப்படும் சுழல் கலப்பை எடுத்துக்கொண்டது. இயந்திரத்தின் விசைத் தண்டால் சுழற்றப்படும் வளைந்த கத்திகள் ஒரே ஓட்டத்தில் மண்ணைப் பொடியாக்குகின்றன. ஆனால் அவை மண்ணில் உருள்வதில்லை, அடிக்கின்றன, ஆகவே குவார்ட்ஸ் மணலில் தட்டைவிட விரைவாகத் தேய்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளைச் செலுத்துவதை இடைநிறுத்தி, டீசலுக்கு நீண்ட வரிசைகள் நின்றபோது, உதிரிப்பாகக் கடைகளில் 1970களின் நிலைமை மீண்டும் தோன்றியது. விட்டம் அளந்து தட்டுகளை மாற்றிச் சேர்ப்பதும், இடைக்குழலைக் கடைந்து வாஷர் போடுவதும், கத்தியின் தேய்ந்த முனையில் வில்தகட்டுத் துண்டைச் சூடாக்கிப் பற்றவைத்துச் சாம்பலில் ஆறவிடுவதும் அந்தப் போகங்களில் மீண்டும் தேவைப்பட்டன. அவற்றை அறிந்திருந்த முதியவர்கள் இன்னும் பட்டறைகளில் இருந்த ஊர்களில் உழவு அதிகம் தாமதிக்கவில்லை.